டன்ஹாம் டெக்னிக்: பாலேயில் இடுப்பாட்டத்தைக் கலந்தால் வந்துவிடுமா?

ஜனவரி 9, ஒரு வாசகரின் கேள்வி

"டன்ஹாம் டெக்னிக் என்னும் நடன முறையின் வகுப்பு ஒன்றை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பாதி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலே. மீதி நேரம் தோளையும் இடுப்பையும் ஆட்டினார்கள். பாலே தெரிந்தவர் கொஞ்சம் ஆப்பிரிக்க ஆட்டத்தைக் கலந்துகொண்டால் இது தானாக வந்துவிடாதா? இதற்கென்று தனிப் பெயர், தனிச் சான்றிதழ் எல்லாம் எதற்கு? மேளம் இல்லாமல் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா? வயது 36, நடனப் பயிற்சி எதுவும் கிடையாது."

ஜனவரி 9, இரவு

வராது. அமெரிக்காவில், செயிண்ட் லூயிஸில் நான்காவது வருடமாக வாரம் இரண்டு நாள் இந்த வகுப்புக்குப் போகிறேன். முதல் மாதம் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். கம்பியைப் பார்த்ததும் பாலே என்று முடிவு கட்டிவிடுகிறோம். கம்பி பாலேக்காரர்களிடமிருந்து வந்ததுதான். அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று இன்னொரு முறை போய்ப் பாருங்கள். பாலேயில் முதுகு நிமிர்ந்தே இருக்கும், கால் வேலை செய்யும். இங்கே கால் ஊன்றி நிற்க, முதுகு வேலை செய்கிறது. இடுப்பில் மடிந்து, முதுகை மேஜைப் பலகை போல வைத்து எட்டு எண்ணிக்கை நிற்கிறோம். அங்கிருந்து அடிமுதுகில் தொடங்கி ஒவ்வொரு எலும்பாக அடுக்கிக்கொண்டே எழுகிறோம். தலை கடைசியில்தான் வரும். முதல் வாரத்தில் என் தலை எப்போதும் முதலிலேயே வந்து நின்றது.

இதை உருவாக்கியவர் கேத்ரின் டன்ஹாம். 1909இல் பிறந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தவர். 1936இல் கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பிப் போனார். அந்தப் பயணத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், நாளை எழுதுகிறேன்.

வீடியோ: தலை, தோள், விலா, இடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக அசைப்பதுதான் இதில் கடினமான பகுதி. அதை வீட்டில் கண்ணாடி முன்னால் பழகலாம். 36 ஒரு வயதே இல்லை. நான் சேர்ந்தபோது எனக்கு 41.

ஜனவரி 10

நேற்று 1936 என்று எழுதியது தவறு. கிளம்பியது 1935. ரோசன்வால்ட் நிதியின் உதவித்தொகையில் போனார். போவதற்கு முன் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மானுடவியலாளரிடம் களப்பணிப் பயிற்சி பெற்றார். ஜமைக்கா, மார்த்தினிக், டிரினிடாட், ஹைட்டி எல்லாவற்றுக்கும் போனார். அதிக நாள் இருந்தது ஹைட்டியில்.

ஜமைக்காவில் அவர் தங்கிய ஊர் அக்கொம்பாங். அடிமைகளாக இருந்து தப்பி மலையேறி, ஆங்கிலேயரோடு சண்டையிட்டு, உடன்படிக்கை செய்துகொண்ட மரூன் மக்களின் ஊர். ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தார். வந்த விருந்தாளிக்கு அவர்கள் ஆடிக்காட்டியது குவாட்ரில் என்னும் ஐரோப்பிய நடனம். இவர் பார்க்க வந்ததோ கொரொமாந்தி என்னும் பழைய போர் ஆட்டம். கேட்டால் அது இப்போது இல்லை என்கிறமாதிரி நழுவினார்கள். புறப்படும் தறுவாயில்தான் அது அவர் கண்ணில் பட்டது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற பொருளாக அந்த மக்கள் தங்கள் ஆட்டத்தை வைத்திருக்கவில்லை. இருந்து பார்த்தவருக்குத்தான் கிடைத்தது. உங்கள் வீடியோ கேள்விக்கு நான் நேற்றுச் சொன்ன பதில் சரிதானா என்று எனக்கே இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. யோசித்து எழுதுகிறேன்.

ஜனவரி 11

ஒருவர் கேட்டிருக்கிறார்: "டன்ஹாம் பாலே படித்தவரா?" ஆம். சிகாகோவில் லுட்மிலா ஸ்பெரான்ஸேவா என்ற ரஷ்ய ஆசிரியையிடம் படித்தார். அதை அவர் மறைத்ததும் இல்லை, உதறியதும் இல்லை.

ஜனவரி 15

"இடுப்பாட்டம்" என்ற சொல்லில்தான் எனக்குத் தடை. கேட்டவர் இழிவாகச் சொல்லவில்லை, தெரியும். ஆனால் இந்தச் சொல்லோடு ஒரு பார்வையும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஹைட்டியில் பண்டா என்று ஓர் ஆட்டம் உண்டு. இடுப்பைச் சுழற்றி ஆடுவது. பார்ப்பவர் முகம் சிவக்கும் அளவுக்கு வெளிப்படையானது. அது கேடே என்னும் தெய்வக் குடும்பத்துக்கு உரியது, அவர்கள் இறந்தவர்களின் தெய்வங்கள். இடுகாட்டுத் தெய்வத்துக்குப் பிறப்பின் ஆட்டத்தை ஆடுகிறார்கள். சாவு வீட்டில் ஆடுகிற ஊரிலிருந்து வந்த எனக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. மேடையில் இடுப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

1944இல் பாஸ்டன் நகரில் டன்ஹாம் குழுவின் நிகழ்ச்சி நடந்தபோது, பருவமடையும் சடங்குகளைப் பற்றிய ஒரு பகுதியை அதிகாரிகள் தடைசெய்தார்கள். அவர் மானுடவியல் குறிப்பேட்டிலிருந்து எடுத்து ஆடியதை அவர்கள் ஆபாசம் என்று பார்த்தார்கள். அசைவு ஒன்றுதான். எதற்காக அசைகிறோம் என்பது தெரியாதபோது இப்படி ஆகிவிடுகிறது.

அவருடைய முறையில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: வடிவமும் பயனும். ஓர் ஆட்டத்தின் வடிவத்தை எடுத்தால், அது அந்தச் சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது. எங்கள் வகுப்பில் புதிதாக ஓர் அசைவு சொல்லிக்கொடுத்தால், ஆசிரியை முதலில் ஊரைச் சொல்வார், அப்புறம் யாருக்காக ஆடியது என்று சொல்வார், அதற்குப் பிறகுதான் கால் எங்கே வைப்பது என்பது வரும்.

ஜனவரி 21

யான்வலூ பற்றி. மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முழங்காலை மடக்கி, உடலை முன்னால் சாய்த்து, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, முதுகை அலைபோல ஓடவிடுகிற ஆட்டம். ஹைட்டியின் வோடு வழிபாட்டில், பாம்பு வடிவ தெய்வமான தாம்பல்லாவுக்கு உரியது. நம் ஊரில் வூடூ என்று சொல்லி ஊசி குத்திய பொம்மையை நினைத்துக்கொள்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடிமைகளாக மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, குறிப்பாக இன்று பெனின் என்கிற பழைய டஹோமியிலிருந்து, கொண்டுபோகப்பட்டவர்கள் காத்துவைத்த சமயம் அது. யான்வலூ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். மன்றாடுதல், வேண்டுதல் என்று பொருள் சொல்கிறார்கள்.

நின்று ஆடுவது ஒன்று, முதுகைத் தாழ்த்தி ஆடுவது ஒன்று. தாழ்த்தி ஆடும்போது தரைக்குப் பக்கத்தில் போய்விடுவோம். டன்ஹாம் வகுப்பில் இதை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்துகொண்டே செய்வோம். ஆளுக்கு ஆளாக, இரண்டிரண்டு பேராக.

எப்படி இருக்கும் என்று கேட்டால், முதல் ஆறு மாதம் நான் முதுகை வளைத்து வளைத்து நேராக்கிக்கொண்டிருந்தேன். அது அலை ஆகாது. கீல் போட்ட கதவுதான். ஆசிரியை என் பின்னால் வந்து இரண்டு விரலை வால் எலும்பில் வைத்து, "இங்கே ஆரம்பி, தலைக்கு அவசரம் இல்லை" என்றார். அப்புறம் விரலை மெதுவாக மேலே நகர்த்திக்கொண்டே வந்தார். தோள்பட்டைக்கு நடுவில் விரல் வந்தபோது அங்கே எனக்கு எலும்பே இல்லாதது போல, ஒரே பலகையாக, ஒன்றும் அசையவில்லை. பத்து வருடம் கணினி முன்னால் உட்கார்ந்த முதுகு. அந்த இடம் அசையத் தொடங்க எட்டு மாதம் ஆயிற்று. அசைந்த அன்று வகுப்பின் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் ஆடிய பெண், அறுபதைத் தாண்டியவர், ஆட்டத்தை நிறுத்தாமல் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

யான்வலூவுக்குப் பக்கத்திலேயே ஸெப்போல் என்று தோளை மட்டும் வேகமாக ஆட்டுவது ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தகுதி வரவில்லை.

ஜனவரி 22

"நான் கிறிஸ்தவன், இது வேறு தெய்வத்தின் வழிபாடு என்றால் வகுப்புக்கு வரலாமா?"

தாராளமாக வரலாம். வகுப்பு சடங்கு ஆகாது. யாரும் எதையும் கும்பிடச் சொல்வதில்லை. உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டு வாருங்கள்.

பிப்ரவரி 2

முழங்கால். இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இந்த முறையில் ஹின்ஜ் என்று ஒன்று உண்டு. முழங்காலிலிருந்து தலை வரை ஒரே கோடாக வைத்து, முழங்காலை மட்டும் மடக்கிப் பின்னால் சாய்வது. பார்க்க அவ்வளவு அழகு. தொடையிலும் வயிற்றிலும் பலம் இல்லாமல் செய்தால் எடை முழுவதும் முழங்காலில் இறங்கும்.

டன்ஹாம் வகுப்பில் சேர்வதற்கு முந்தைய வருடம், வேறொரு இடத்தில் ஆப்பிரிக்க நடனம் என்று பெயர் போட்ட ஓர் உடற்பயிற்சி வகுப்புக்குப் போனேன். முப்பது பேர், ஒலிபெருக்கிப் பாட்டு. தரைப்பயிற்சி எதுவும் கிடையாது. இரண்டாவது வாரமே இந்த ஹின்ஜைச் செய்யச் சொன்னார்கள். நானும் செய்தேன். அன்று இரவு முழங்கால் பந்துபோல வீங்கியது. மூன்று மாதம் படியேற முடியவில்லை. இதை எங்கிருந்து எடுத்தார்கள், இதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

டன்ஹாம் வகுப்பில் முதலில் மூச்சு, பிறகு தரையில் உட்கார்ந்தும் படுத்தும் செய்பவை, பிறகு கம்பி, பிறகு நடு அறை, கடைசியில் அறையைக் கடந்து போகும் நடைகள். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றுவதில்லை. ஹின்ஜுக்கு நான் வந்தபோது ஒரு வருடம் கடந்திருந்தது. முழங்கால் வலிக்கவில்லை.

அதனால் சான்றிதழ் எதற்கு என்று நீங்கள் கேட்டதற்கு இது ஒரு பதில். டன்ஹாம் இருக்கும்போதே ஆசிரியர்களைத் தேர்ந்து சான்றளிக்கும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. பெயரை யார் வேண்டுமானாலும் சுவரொட்டியில் போடலாம். வரிசை தெரிந்தவரிடம் போங்கள்.

பிப்ரவரி 11

மேளம்.

ஹைட்டியில் யான்வலூ போன்ற ராடா வகை ஆட்டங்களுக்கு மூன்று மேளம். சிறியது பூலா, இரண்டு குச்சியால் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் செகோன். பெரியது மன்மன், அதாவது அம்மா. கூடவே ஓகான் என்னும் இரும்புமணி. பூலாவும் மணியும் தரை மாதிரி, அதன்மேல் செகோன் பேசும், மன்மன் கட்டளை இடும். அமெரிக்காவில் வகுப்புகளுக்குப் பெரும்பாலும் காங்காவும் ஜெம்பேயும்தான். எங்கள் வகுப்பில் ஒரே ஒருவர், இரண்டு காங்கா. சில நாள் அவருடைய மகனும் வருவான்.

யான்வலூவின் ஒரு சுற்றில் பன்னிரண்டு துடிப்பு. சின்ன வயதில் ஆறு வருடம் பரதநாட்டியம் படித்ததால், கேட்டவுடன் திஸ்ரம், அதாவது மும்மூன்றாக எண்ணுவது, என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். பாதி சரி. மும்மூன்றாக நான்கு என்று கேட்டால் ஒரு மாதிரி, நந்நான்காக மூன்று என்று கேட்டால் வேறு மாதிரி. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. நான் எண்ணுகிற வரைக்கும் ஒன்றுதான் வந்தது. எண்ணுவதை விட்டபோது இரண்டும் வந்தன.

அப்புறம் காஸே. மன்மன் திடீரென்று தாளத்தை உடைக்கும். அதுவரை வழுக்கிக்கொண்டு போன முதுகு அந்த இடத்தில் வெட்டி நிற்கும், அசைவு மாறும், பிறகு மறுபடி சேர்ந்துகொள்ளும். இது எப்போது வரும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. மேளக்காரர் ஆடுபவரைப் பார்த்துத்தான் அடிக்கிறார்.

போன மாதம் ஒரு நாள் பனியால் எங்கள் மேளக்காரர் வர முடியவில்லை. பதிவு செய்த மேளத்தைப் போட்டு வகுப்பு நடந்தது. நல்ல பதிவு, ஹைட்டிக் கலைஞர்கள் வாசித்தது. எல்லோரும் சரியாகத்தான் ஆடினோம். ஆனால் நான் அறையின் குறுக்கே போகும்போது பாதியில் மூச்சு முட்டியது. வழக்கமாக அந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்து ஓர் இழை தாளத்தைத் தளர்த்துவார். இரண்டு அடி போனதும் மறுபடி இழுத்துப் பிடிப்பார். மூன்றரை வருடமாக அவர் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். பதிவு ஓடிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வகுப்பில் அவரிடம் சொன்னேன். "நீ நாலாவது அடியில் தோளைத் தூக்குவாய், அப்போது தெரியும்" என்றார்.

வீடியோ பார்த்துக் கற்கலாம் என்று ஜனவரி 9இல் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 12

ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அக்கா, எங்கள் ஊர்க் கோயிலில் உடுக்கை அடி மாறியதும்தான் சாமியாடி எழுந்து நிற்பார். காஸே அதுதானே?"

அதுவேதான் என்று சொல்லமாட்டேன். வேறு மக்கள், வேறு தெய்வம், வேறு வரலாறு. ஆனால் கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது. ஹைட்டிச் சடங்கில் தெய்வம் ஒருவர்மேல் இறங்கும் நேரத்தில் காஸேவுக்கு வேலை உண்டு. அடி மாறும்போது உடல் மாறுகிறது. என் பாட்டி வீட்டுக் கொடையில் உடுக்கைக்காரர் சாமியாடியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். சின்ன வயதில் அது பயம் என்று நினைத்திருந்தேன். நேற்றைய குறிப்பை எழுதி முடித்தபோது அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. பயமாக இருந்திருக்காது. எங்கள் மேளக்காரர் என் தோளைப் பார்ப்பது போல அவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

பரதநாட்டியம் படித்தது இங்கே உதவியதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி உதவியது, தொடைக்குப் பலம் இருந்தது. நிமிர்ந்த முதுகு தொல்லை கொடுத்தது.

பிப்ரவரி 20

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

செயிண்ட் லூயிஸிலிருந்து மிசிசிப்பி ஆற்றைத் தாண்டினால் ஈஸ்ட் செயிண்ட் லூயிஸ். உலகமெல்லாம் சுற்றி ஆடிய டன்ஹாம் 1960களின் கடைசியில் வந்து சேர்ந்த ஊர் அது. தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த, கறுப்பின மக்கள் பெரும்பான்மையான, வறுமை மிகுந்த ஊர். அங்கே சதர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு கலைப் பயிற்சி மையம் தொடங்கினார். தெருக் கும்பல்களில் இருந்த பையன்களுக்கு மேளமும் நடனமும் தற்காப்புக் கலையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த மையத்துக்காக டன்ஹாம் செனகலிலிருந்து வரவழைத்த மேளக் கலைஞர் மோர் தியாம். அவருடைய மகன் 1973இல் செயிண்ட் லூயிஸில் பிறந்தார். அவர்தான் பாடகர் ஏகான், 2011இல் ஷாருக் கான் படத்துக்குப் பாடினாரே, அவரேதான். இதை என் அக்கா மகனிடம் சொன்னபோது அவன் முதல்முறையாக என் நடன வகுப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான்.

நியூயார்க்கில் 1940களில் டன்ஹாம் நடத்திய பள்ளியில் ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ வந்து மேளம் பழகினார். எர்தா கிட் அந்தக் குழுவில் ஆடிவிட்டுத்தான் பாடகியானார். அந்தப் பள்ளியில் நடனத்தோடு மானுடவியலும் மொழிகளும் பாடமாக இருந்தன. ஆனால் எனக்கு அந்தப் புகழ்பெற்ற பெயர்களைவிட ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பையன்கள்தான் முக்கியம். என் முதுகில் தட்டிய அறுபது வயதுப் பெண் என்று ஜனவரி 21இல் எழுதினேனே, அவர் அந்த மையத்தில் பத்து வயதில் சேர்ந்தவர். டன்ஹாம் முதுமையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கண்ணாலும் விரலாலும் கற்றுக்கொடுத்ததை அவர் பார்த்திருக்கிறார்.

மார்ச் 3

இரண்டு திருத்தம்.

முதலாவது. உறுப்புகளைத் தனித்தனியாக அசைப்பதுதான் கடினம் என்று ஜனவரி 9இல் எழுதினேன். பிப்ரவரி கடைசியில் எனக்கு நல்ல சளி. வகுப்புக்குப் போனேன், ஆடினால் இருமல் வந்தது. ஆசிரியை என்னைத் தரையில் படுக்கவைத்து, ஒன்றரை மணி நேரமும் மூச்சு மட்டும் விடச் சொன்னார். மற்றவர்கள் என்னைச் சுற்றி ஆடினார்கள். விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, மூச்சு உள்ளே போகும்போது முதுகு தரையை எங்கே தொடுகிறது, வெளியே வரும்போது எங்கே விடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் போனபிறகு யான்வலூ தாளம் வந்தது. நான் படுத்திருந்தேன். மூச்சு வெளியே போகையில் இடுப்பெலும்பு தானாக உருண்டது, அது மேலே ஏறி, தலை கடைசியாக அசைந்தது. நான் எதையும் அசைக்கவில்லை.

வகுப்பின் முதல் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. மூன்றரை வருடமாக அதை உடல் சூடேற்றுவது என்று நினைத்துத் தாமதமாகவே வந்துகொண்டிருந்தேன். கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். கடினமான பகுதி அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

இரண்டாவது. ஜனவரி 22இல், உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். கேட்டவர் மனம் சங்கடப்படக் கூடாது என்ற அவசரத்தில் சொன்னது. சரியில்லை. வகுப்பில் சடங்கு இல்லை என்பது உண்மை. ஆனால் முழங்கால் மடக்கி, தலை தாழ்த்தி, தரையைப் பார்த்து ஆடுகிற உடல் ஏற்கெனவே வணங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதை வெறும் பயிற்சி என்று சொல்லிவிட்டால் பாஸ்டன் அதிகாரிகள் செய்ததையே நானும் வேறு விதமாகச் செய்கிறேன், வடிவத்தை எடுத்துக்கொண்டு பயனை விட்டுவிடுகிறேன். டன்ஹாமும் ஹைட்டியில் பார்த்துவிட்டு மட்டும் வரவில்லை, அந்தச் சமயத்தில் முறைப்படி சேர்ந்துகொண்டார். உங்களை அப்படிச் சேரச் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் ஆண்டவரையே நினைத்துக்கொண்டு தாழலாம். யாருக்காக முதலில் தாழ்ந்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு தாழுங்கள்.

மார்ச் 6

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. "சிகாகோக்காரி ஹைட்டி ஏழைகளின் ஆட்டத்தை எடுத்து மேடையில் காசாக்கினார். 1936இல் அடையாறில் கலாக்ஷேத்ரா தொடங்கியது, பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிரை ஆடியவர்கள் என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுதானே?"

இரண்டு நாள் யோசித்தேன். சதிர் பற்றிய உங்கள் வலி எனக்கும் உண்டு, அதைத் தனியாகவே பேச வேண்டும். டன்ஹாம் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹைட்டி ஆட்டங்களைப் பற்றி ஊர், பெயர், யார் ஆடுவது, எந்தச் சந்தர்ப்பம் என்று எழுதி 1947இல் வெளியிட்டார். மார்த்தினிக்கில் லாக்யா என்னும் சண்டையாட்டத்தைப் படம்பிடித்துவைத்தார். தூய்மைப்படுத்திவிட்டேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை, பண்டாவின் இடுப்பையும் விட்டுவிடவில்லை.

அவரும் கறுப்பினப் பெண். 1944இல் கென்டக்கியின் லூயிவில் நகரில் ஆடி முடித்ததும் பார்வையாளர்களிடம், கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து உட்கார முடியாத இந்த அரங்குக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கும்பல் கொலையைப் பற்றிய நடனத்தைச் சிலி நாட்டில் அரங்கேற்றி, அமெரிக்க அரசின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். 1992இல், படகில் தப்பி வந்த ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியபோது, 82 வயதில் 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஆட்டத்தைக் கொடுத்த மக்களுக்காக அந்த வயதில் பட்டினி கிடந்தவரை, எடுத்துக்கொண்டு போனவர் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஹைட்டியில் அவருக்கு ஆடிக்காட்டிய பெண்களில் பெரும்பாலானோரின் பெயர் உலகத்துக்குத் தெரியாது. அது சரியாகிவிட்டது என்று நான் வாதிடவில்லை.

மார்ச் 7

நேற்று எழுதியது கொஞ்சம் சூடாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 19

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாராம். "முதல் நாள் எங்கே நிற்க வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும்?"

நல்லது. வெறுங்கால்தான், காலணி வேண்டாம். முழங்காலை மூடுகிற கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், தரையில் நிறைய வேலை இருக்கும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு முன்னால் இடம் பிடிக்காதீர்கள், மேளம் இருக்கும் பக்கம் நில்லுங்கள். காலைப் பார்க்காமல் காதால் பிடித்துக்கொள்ள அங்கேதான் எளிது. மேளக்காரருக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் முடியும்போதும் ஒவ்வொருவராக அவர் முன்னால் போய்க் குனிந்து தரையைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே வருவோம். உங்கள் வகுப்பில் எப்படி என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் முதுகு அசையாது. விலா அசையாது. பரவாயில்லை.

ஆறு மணி வகுப்பு என்றால் ஐந்தே முக்காலுக்குப் போய்விடுங்கள். நானும் இப்போது அப்படித்தான் போகிறேன். அறையில் யாரும் இருக்கமாட்டார்கள், மேளக்காரர் மட்டும் மூலையில் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். தரையில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொரு முறை தட்டும்போதும் பலகை வழியாக முதுகில் தெரியும்.